இலை பார்க்காத விருந்தாளி

எங்கள் ஊரில் டெல்மிராவுக்குத் ‘தாழ்ப்பாள்’ என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைவிட இதுதான் நிலைத்தது. என் மளிகைக் கடையில் ஒரு கிலோ மாவு வாங்கினால் தராசு முள்ளைக் குனிந்து பார்ப்பாள். பிறகு தராசுக்கு அடியிலும் பார்ப்பாள். பூசையில் பாதிரியார் கை நீட்டினால், அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குலுக்குவாள். வானொலியில் நாளை வெயில் என்று சொன்னால் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வருவாள். அவளுடைய மகளுக்கு ஞானத்தாய் நான். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றே கூப்பிடுவோம். அப்படிப்பட்ட என்னையும் அவள் முழுசாக நம்பியது கிடையாது. எனக்கு அதில் வருத்தமில்லை, நானும் அவளை அப்படித்தான் வைத்திருந்தேன்.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. ஏரிக்கரையில் அவள் அப்பாவுக்கு ஆடு மேய்க்க ஒரு துண்டு நிலம் இருந்தது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒரு இலையுதிர் காலத்தில் தலைநகரிலிருந்து ஒரு கனவான் வந்தார். லெங்கா மரங்கள் மலை முழுக்கச் சிவந்து நிற்பதைப் பார்த்து அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டதாம். இவர்கள் வீட்டில் ஆட்டிறைச்சி சாப்பிட்டார், குழந்தைகளின் தலையைத் தடவினார், கரையில் ஒரு படகை நிறுத்திக்கொள்ள மட்டும் இடம் கேட்டார். மறு வருடம் படகுக்கு ஒரு கொட்டகை வந்தது. கொட்டகைக்கு வேலி வந்தது. வேலிக்கு ஊரிலிருந்து ஒரு பத்திரம் வந்தது. அப்பாவுக்கு விஷயம் புரிந்தபோது குடும்பமே மாட்டுவண்டியில் இருந்தது.

“அழுதாரு கொமாத்ரே. இலையப் பாத்து அழுதாரு. அத நான் என் கண்ணால பாத்தேன்” என்று இப்போதும் சொல்வாள். வேலியைப் பற்றிச் சொல்லும்போதுகூட அவளுக்கு அவ்வளவு கோபம் வராது. அந்தக் கண்ணீரைச் சொல்லும்போதுதான் பல்லைக் கடிப்பாள்.

அதிலிருந்து இலையுதிர் காலத்தில், எங்கள் பக்கம் அது ஏப்ரல் மாதம், மலைக்கு வருகிறவர்கள் மேல் அவளுக்குத் தனிப்பட்ட விரோதம். “கோடையில வர்றவன் ஏரியில குளிக்க வர்றான். பனியில வர்றவன் சறுக்க வர்றான். ஏப்ரல்ல எதுக்கு வர்றான்? பாக்க வர்றான். குளிக்கிறவனால ஆபத்து இல்ல, சறுக்குறவன் காலத்தான் ஒடச்சுக்குவான். பாக்குறவனத்தான் நம்பக் கூடாது” என்பாள். நான் சிரிப்பேன். ஆனால் நிலம் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஏப்ரலில்தான் வருகிறார்கள் என்பதும் உண்மைதான்.

அவள் வேலை, மலைச்சரிவில் இருக்கும் ஆறு மரக் கேபின்களைப் பார்த்துக்கொள்வது. தலைநகரத்துப் பெரியய்யா ஒருவருக்குச் சொந்தமானவை. கூட்டம் இல்லாத மாதங்களில் காலி கேபின்களில் முறைவைத்து அடுப்பு மூட்டுவாள். புகை வந்தால் ஆள் இருக்கிறது என்று திருடன் நினைப்பான் இல்லையா. அடிவாரத்தில் ஓடைப்பக்கம் ஒரு பழைய வீடு இருந்தது. அதில் அவளைக் குடிவைத்தவர் பெரியய்யாதான். கைக்குழந்தையோடு புருஷன் இல்லாமல் வந்து நின்ற பெண்ணிடம், “நீ உயிரோடு இருக்கிற வரைக்கும் இந்த வீடு உனக்குத்தான் டெல்மிரா” என்று சொன்னார். அவள் வாழ்க்கையில் சோதித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அந்த வார்த்தைதான். அதன் மேல்தான் மகளை வளர்த்து, கட்டிக்கொடுத்து, முடி நரைக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

பெரியய்யா போய்ச் சேர்ந்தார். போன வருடம் அவர் மனைவி பெரியம்மாவும் போனார். சொத்து மகன் சின்னய்யாவுக்கும் மகள் சின்னம்மாவுக்கும் வந்தது. சின்ன வயதுக்குப் பிறகு அவர்கள் இந்தப் பக்கமே வந்ததில்லை. முன்பதிவையெல்லாம் பக்கத்து நகரமான பரிலோச்சேயில் ஒரு முகவர் பார்த்துக்கொள்கிறார். ஓடைப்பக்கம் ஏதோ விறகுக் கொட்டகை இருக்கிறது, வேலைக்காரி ஊரிலிருந்து வந்து போகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மறதிதான் டெல்மிராவின் கூரை. யாராவது வந்து பார்த்தால் அது போய்விடும் என்று ஒவ்வொரு பேருந்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டர் முடிந்து, சாக்லேட் பைகளோடு கூட்டம் கிளம்பிப்போன பிறகு, பேருந்திலிருந்து ஒரே ஒருத்தர் இறங்கினார். சாம்பல் நிற மேல்சட்டை, சின்னப் பை, கேமரா கிடையாது. முன்பதிவும் இல்லை. பெயர் எவாரிஸ்தோ, ஊர் சமவெளியில் இருக்கும் ரொசாரியோ, மலையைப் பார்ப்பது இதுதான் முதல்முறை என்றாராம். கடைசி கேபின்தான் வேண்டும் என்று கேட்டாராம். அதற்கு இன்னும் அடுப்பு மூட்டும் முறை வரவில்லை, கோடையிலிருந்து பூட்டிக் கிடந்தது. அன்று மதியமே டெல்மிரா மூச்சிரைக்க என் கடைக்கு வந்தாள்.

“கொமாத்ரே, வந்திருக்கிறவன் டூரிஸ்ட் இல்ல.”

“ஏன், டிப்ஸ் குடுத்துட்டானா?”

“விளையாடாத. கதவத் தெறந்து விட்டேன். உள்ள போகல அவன். ‘கொஞ்சம் நிப்போம்மா, காத்து போகட்டும்’ங்கிறான். சன்னலயெல்லாம் வெளிய இருந்தே தள்ளி விட்டான். மூக்குல துண்டக் கட்டிக்கிட்டான். அரை மணி நேரம் ரெண்டு பேரும் குளுருல கோழி மாதிரி நின்னோம். அப்புறம் கேக்குறான், ‘ப்ளீச்சிங் தண்ணி இருக்கா, தரையில தெளிக்கணும்’னு.”

எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. பூட்டிக் கிடக்கும் மர வீட்டில் காட்டெலி புகுந்திருக்கும். அதன் எச்சம் கலந்த தூசியை மூச்சில் இழுத்தால் வருகிற காய்ச்சல் ஆளை ஒரு வாரத்தில் கொண்டுபோய்விடும். அதன் பெயரை எங்கள் ஊரில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. பத்திரிகையில் ஒரு வரி வந்தால் அந்தப் பருவமே போச்சு, கேபின் காலி, என் கடையும் காலி. டூரிஸ்டுகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கதவைத் திறந்ததும் ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து, ‘ஆகா, மர வாசனை!’ என்பார்கள். வெளியே நின்று காற்று மாறக் காத்திருப்பவன் இந்த மலையில் வளர்ந்தவன். அதுவும் வீட்டில் அடி வாங்கி அதைக் கற்றுக்கொண்டவன்.

“அப்ப எதுக்கு ரொசாரியோன்னு பொய் சொல்றான்?” என்றேன்.

“அதத்தான் நானும் கேக்குறேன்” என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. “சின்னய்யா அனுப்பின ஆளு. எடத்த அளக்க வந்திருக்கான்.”

அதன் பிறகு அந்த மனிதர் செய்தது எதுவுமே எங்களுக்குச் சரியாகப் படவில்லை. மலை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி சிவந்து நிற்கிறது, அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஓடையிலிருந்து டெல்மிரா வீட்டு வேலி வரைக்கும் எட்டு வைத்து அளந்தார், திரும்பிப்போய் மறுபடி அளந்தார். வீட்டுக்கு எதிரே மேல்சட்டைப் பைகளில் கை விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவள் திரைச்சீலையை விலக்கினால் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு காலையில் ரொட்டி வாங்க என் கடைக்கே வந்துவிட்டார்.

“ஓடைப்பக்கம் ஒரு வீடு இருக்கே, அதுல யாரும்மா இருக்காங்க?”

“எதுக்குக் கேக்குறீங்க, பொண்ணு பாக்கவா?”

மனிதருக்குக் காது சிவந்துவிட்டது. “இல்ல, புகை வந்துச்சு. ரொம்ப நாளா இருக்காங்களா?”

“அவங்ககிட்டயே கேளுங்க சார். நான் ரொட்டி விக்கிறவ. ஊர்க்கதை விக்கிறதில்ல.”

ஊர்க்கதை இல்லாவிட்டால் என் கடைக்கு யாருமே வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம். அவர் வாசலைத் தாண்டியதும் நான் கடையைச் சாத்திவிட்டு டெல்மிராவிடம் ஓடினேன். சும்மா சொல்லக் கூடாது, நான் போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பாள்.

அடுத்த நாள் அவள் வீட்டு வாசற்படியில் ஒரு கூடை இருந்தது. நிறையப் பைன் காளான், அன்று பறித்தது, மண்கூடக் காயவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தர் காளான் பறிக்கிற இடத்தைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லமாட்டார். டெல்மிராவின் இடம் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால், முள்புதருக்குள் குனிந்து போனால்தான் தெரியும். எனக்கே அவள் காட்டியதில்லை. ஒருமுறை பின்னாலேயே போய்ப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

“என் எடத்துலேர்ந்து பறிச்சு எனக்கே குடுக்குறான்” என்றாள். “இது பரிசா, இல்ல மெரட்டலா?”

“விஷமா இருந்தா?”

கூடையை அப்படியே என்னிடம் தள்ளினாள். “நீ சமைச்சுக்க. எனக்கு மனசு வரல.”

நான் பூண்டு போட்டு வதக்கிச் சாப்பிட்டேன். அருமையாக இருந்தது. மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வந்து கதவைத் தட்டினாள். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது அவளைத் திட்டத் தோன்றவில்லை, ஏனென்றால் அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள்.

“போன் பண்ணப் போறேன். சின்னம்மாகிட்ட நேரடியாக் கேட்டுடுறேன். அவங்க அனுப்பின ஆளா இல்லையான்னு தெரிஞ்சா போதும்.”

அவள் வீட்டுப் பக்கம் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. என் கடைத் தொலைபேசியில் எண்ணைப் போட்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன், ஒளிப்பானேன்.

“சின்னம்மா, மலையிலேர்ந்து டெல்மிரா பேசுறேன். ஒரு ஆளு வந்து உங்க எடத்த அளக்குறான்... ஆமா, எட்டு வச்சு... ஓடையிலேர்ந்து என் வீட்டு வேலி வரைக்கும்.”

அந்தப் பக்கத்து மெல்லிய குரல் எனக்கே கேட்டது. “உங்க வீடா? அங்க வீடு இருக்கா, டெல்மிரா? விறகுக் கொட்டகைதானே இருக்கு?”

டெல்மிரா தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினாள்.

“நாங்க யாரையும் அனுப்பலையே. ஆனா நல்லவேளை சொன்னீங்க. அண்ணன் சனிக்கிழமை பரிலோச்சே வர்றாரு, அப்படியே வந்து பாத்துடுவாரு.”

தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடம் எல்லாக் கதவையும் பூட்டி வைத்தவள், திறக்கக் கூடாத ஒன்றைத் தன் வாயாலேயே திறந்துவிட்டாள். அவளைப் போன் பண்ண வைத்ததில் பாதி என் நாக்கு.

பிறகு அவள் எழுந்த வேகத்தில் கடைக் கதவு சுவரில் அடித்தது. நேராகக் கடைசி கேபினுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். எவாரிஸ்தோ வெளியே உட்கார்ந்து மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“யாருய்யா நீ? யாரு அனுப்புனா? ரொசாரியோக்காரனுக்கு எலி எச்சம் எப்படித் தெரியும்? என் காளான் எடம் எப்படித் தெரியும்?”

அவர் எழுந்து நின்றார். கோபப்படவில்லை. கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

“நான் உங்க அடுப்பங்கரையில பொறந்தேம்மா” என்றார்.

அவருடைய அப்பாவும் அம்மாவும்தான் அந்த வீட்டில் டெல்மிராவுக்கு முன்னால் இருந்தவர்கள். இதே ஆறு கேபின், இதே வேலை. பெரியய்யா எங்களிடமெல்லாம், ‘தெற்கே எண்ணெய்க் கிணற்றில் நல்ல சம்பளம் கிடைத்ததால் போய்விட்டார்கள்’ என்றுதான் சொல்லியிருந்தார். நாங்களும் நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது.

“அம்மா கடைசி கேபினத் தெறந்து பெருக்குனாங்க. விருந்தாளிங்க வாசல்ல நிக்கிறாங்க, அரை மணி நேரம் காத்திருக்க வேணாம், சீக்கிரம் ஆகட்டும்னு பெரியய்யா அவசரப்படுத்துனாரு. பத்து, பதினஞ்சு நாள்ல காய்ச்சல். செத்தது உங்க வீட்டு உள்ரூம்ல. ஊருக்குத் தெரியாம பொதச்சாங்க, அந்த வாரத்துலயே எங்கள ராவோட ராவா வண்டியில ஏத்திட்டாரு. வெளிய தெரிஞ்சா ஈஸ்டர் கூட்டம் வராதாம். படுக்கை, துணி, எல்லாத்தையும் ஓடைக்கரையில எரிச்சாரு. அந்த எடம் எதுன்னுதான் தேடிட்டிருந்தேன். வேலி தள்ளி வந்திருக்கு, எட்டு வச்சுப் பாத்தும் புரியல.”

“அப்ப ஏன் பொய் சொன்னே?” டெல்மிராவின் குரல் இறங்கிவிட்டது.

“எங்க போனாலும் காய்ச்சல் வீட்டுப் பிள்ளைங்கன்னு கதவச் சாத்துனாங்க. ‘மலையிலேர்ந்து வந்தோம்னு சாகுற வரைக்கும் சொல்லாதே’ன்னு அப்பா சொல்லிட்டாரு. அதே பழக்கம். உங்க அடுப்பங்கரைய ஒரு தடவ பாக்கணும்னு கேக்கத்தான் வந்தேன். அம்மா காட்டுன எடத்துலேர்ந்து காளான் பறிச்சு வச்சதும் அதுக்குத்தான். உங்க வாசல்ல மூணு பூட்டப் பாத்ததும் வாய் வரல.”

அந்த உள்ரூமில்தான் டெல்மிராவின் மகள் பத்து வயது வரை தூங்கினாள்.

“பெரியய்யா நல்ல மனுஷன்” என்றாள் டெல்மிரா, பிடிவாதமாக. “நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த வீடு எனக்குத்தான்னு சொன்னாரு.”

எவாரிஸ்தோ அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபம் தவிர வேறெதுவும் இல்லை. “அம்மாகிட்டயும் அதேதான் சொன்னாரு” என்றார். “சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு பாருங்க. அவங்க உயிரோட இருந்த வரைக்கும் அது எங்க வீடுதான்.”

எனக்குப் பெரியய்யாவின் கல்லறையில் போய்க் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. டெல்மிரா அழவில்லை. திரும்பி நடந்து, தன் வீட்டுப் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கதவை விரியத் தள்ளிவிட்டு, “வந்து பாரு” என்றாள்.

சனிக்கிழமை சின்னய்யா வந்தார். நல்ல காலணி, நல்ல சிரிப்பு, கையில் இனிப்புப் பெட்டி. அடுப்பங்கரையில் எவாரிஸ்தோவும் நானும் இருந்தோம். சின்னய்யா வாசலில் நின்று சிவந்த மலையைப் பார்த்து, “என்ன அழகு! ஏன் இவ்வளவு நாள் வராம இருந்தேன்!” என்றார். டெல்மிரா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

“டெல்மிரா, இந்த வீட்டை ஏழாவது கேபினா மாத்தலாம்னு தங்கச்சி சொல்றா. ஓடை சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம், நல்ல வாடகை வரும். நீங்க அவசரப்பட வேணாம். பனி விழறதுக்குள்ள ஊருக்குள்ள ஒரு ரூம் பாத்துக்குங்க, நானே உதவி பண்றேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே கால் வைக்கப் போனார்.

“உள்ள வராதீங்க சின்னய்யா” என்றாள் டெல்மிரா. “இது காய்ச்சல்ல ஆள் செத்த வீடு.”

அவர் கால் அந்தரத்தில் நின்றது. டெல்மிரா ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். பெருக்கச் சொன்னது, காத்திருக்க விடாதது, எரித்தது, இரவோடு இரவாக ஏற்றி அனுப்பியது. “செத்தவங்க மகன் இதோ ஒக்காந்திருக்காரு. பக்கத்துல இருக்கிறது என் கொமாத்ரே, அவ வாயப் பத்தி ஊருல கேளுங்க. எங்க மூணு பேருல ஒருத்தர் பரிலோச்சே பத்திரிகைக்காரன்கிட்ட பேசினாலும், ஏழு கேபின் எதுக்கு, ஒரு கேபினுக்கும் ஆள் வராது.”

சின்னய்யா கழுத்துத்துண்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போனார். இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அப்பா மேல் அவருக்கு வந்த கோபம் நிஜமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. “யாரு உங்களப் போகச் சொன்னா? இருங்க. நீங்க உயிரோடு இருக்கிற வரைக்கும்...”

“அந்த வார்த்தை வேணாம்!” டெல்மிரா கத்திய கத்தலில் ஓடைப்பக்கம் கொக்குகள் எழும்பின. “வாயால எதுவும் வேணாம். வாங்க, இப்பவே வக்கீல்கிட்ட போவோம். எழுதிக் குடுங்க, வீடும் வேலிக்குள்ள இருக்கிற நிலமும் எம் பேருல.”

மதியம் இருவரும் போனார்கள், சாயங்காலம் அவள் மட்டும் திரும்பினாள். தங்கச்சிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடும் அதிகாரம் சின்னய்யாவிடம் இருந்ததாம். பத்திரத்தை வக்கீலிடம் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். முத்திரையை நகத்தால் சுரண்டியும் பார்த்தாளாம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேருந்திலிருந்து இறங்கியவளைப் பார்த்து நான் கை தட்டினேன்.

எவாரிஸ்தோ வீட்டுக்கு வெளியே விறகடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். பை பக்கத்தில் இருந்தது, மறுநாள் பேருந்துக்குத் தயார். எங்களைப் பார்த்ததும் எழுந்து சிரிக்க முயன்றார்.

“கெடச்சுதாம்மா? நல்லது. அம்மா செத்தது உங்களுக்காவது ஒதவுச்சு.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அவர். நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். அதனால்தான் தாங்கவில்லை. டெல்மிரா அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வீட்டை வாங்க ஒரு பிணத்தை நீட்டியிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், எனக்குப் புரிந்தது போலவே. அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. சின்னய்யா முன்னால், வக்கீல் முன்னால், ‘செத்தவ, செத்தவ’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் மெதுவாகப் போய் விறகடுக்கின் மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தம்பி” என்றாள். “உங்கம்மா பேரு என்ன?”

யாரும் அவரிடம் அதைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்கும்.

“இர்மா” என்றார். “இர்மா லெஃபியான்.”

“இர்மா” என்று டெல்மிரா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அதைச் சந்தேகப்படவில்லை.